தேக்கா சந்தையில் ஐந்து இதயங்கள்: இரத்த ஓட்டத்தைத் தொட்டுப் பார்த்துக் கற்பது எப்படி

பாடப் புத்தகத்தில் இதயத்தின் படம் பாதி சிவப்பாகவும் பாதி நீலமாகவும் இருக்கும். அம்புக்குறிகளை மனப்பாடம் செய்த பிள்ளை தொடக்கநிலை 5 தேர்வில் மதிப்பெண் வாங்கிவிடும். அதே பிள்ளையிடம் உயர்நிலையில், "இடது கீழறையின் சுவர் ஏன் தடிமன்?" என்று கேட்டால் திணறும். அந்தச் சுவரை விரலால் அமுக்கிப் பார்த்திருந்தால் இந்தத் திணறல் வராது.

சிங்கப்பூரில் இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. தேக்கா ஈரச்சந்தையை ஒரு சுற்றுச் சுற்றினால் இறால், கணவாய், மீன், கோழி, ஆடு என ஐந்து வகை இதயங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டே கேள்விகள் கேளுங்கள். இந்தச் சுவர் எவ்வளவு அழுத்தத்துக்காகக் கட்டப்பட்டது? இரத்தம் திரும்பி வராமல் எது தடுக்கிறது? இரண்டுக்கும் விடை தெரிந்தால் அம்புக்குறிகளை நீங்களே வரைந்துவிடலாம்.

வாங்கும்போது சொல்ல வேண்டியவை

திங்கட்கிழமை பல கடைகள் மூடியிருக்கும். வேறொரு நாள் காலையில் போங்கள். கடைக்காரர்கள் நல்லெண்ணத்தோடு சுத்தம் செய்து கொடுப்பார்கள், அதுதான் இங்கே சிக்கல். நமக்கு வேண்டிய பாகங்கள் அந்தச் சுத்தத்தில்தான் போய்விடும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இறால்: தலையோடு, பெரியதாக 4. உறைய வைத்தது வேண்டாம். உறைந்து இளகிய இறாலின் தலைக்குள் எல்லாம் கூழாகியிருக்கும்.

கணவாய்: சோத்தோங் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். கழுவாமல், குடல் எடுக்காமல் 2.

மீன்: கொடுவா அரைக் கிலோ அளவில் 1. "வயிறு கீற வேண்டாம், செவுள் எடுக்க வேண்டாம்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். செவுளைப் பிடுங்கும்போது பெரும்பாலும் இதயமும் சேர்ந்து வந்துவிடும்.

கோழி இதயம்: ஒரு சிறு பொட்டலம், பேரங்காடியிலும் கிடைக்கும்.

ஆட்டு இருதயம்: 2. மேலே உள்ள குழாய்களை ஒட்ட வெட்டாமல், குறைந்தது 3 சென்டிமீட்டர் விட்டுத் தரச் சொல்லுங்கள். வாங்குவதற்கு முன் திருப்பித் திருப்பிப் பாருங்கள். இறைச்சிப் பரிசோதனைக்காகச் சில இதயங்களில் ஏற்கனவே நீளமாகக் கத்தி போட்டிருப்பார்கள். அவை தண்ணீர்ச் சோதனைக்கு உதவாது. மேலறைகள் இரண்டும் கழுத்தோடு வெட்டப்பட்டுவிட்ட இதயங்களும் வரும். ஒன்றாவது முழுதாக இருக்கட்டும்.

வீட்டில் வேண்டியவை: கூர்மையான கத்தரிக்கோல், கத்தி, விளிம்புள்ள தட்டு, இரண்டு குடிக்கும் உறிஞ்சிகள், பல்குச்சிகள், அளவுகோல், கைவிளக்கு, கையுறை. நம் ஊர் வெப்பத்தில் இறைச்சியை வெளியே 1 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஐந்தையும் ஒரே நேரத்தில் எடுக்காமல், ஒன்றை முடித்த பிறகு அடுத்ததைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுங்கள். வெட்டிப் பார்த்ததைச் சமைக்க நினைக்காதீர்கள்.

இறால்: குழாய் முடிந்து குளம் தொடங்கும் உடல்

இறாலின் முதுகில் ஓடும் கறுப்புக் கோட்டை "நரம்பு" என்று சொல்லி உருவி எறிவோம். அது இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை, குடல்தான். இதயம் தலை ஓட்டின் பின்முனையில், வால் தசை தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், முதுகை ஒட்டி இருக்கும்.

ஓட்டின் பின்விளிம்பில் கத்தரிக்கோலின் நுனியை மட்டும் நுழைத்து, முதுகுக் கோட்டின் இருபுறமும் முன்னோக்கி வெட்டி, ஓட்டை மெல்லத் தூக்குங்கள். ஆழமாகக் குத்தினால் செம்பழுப்பு நிறச் செரிமான உறுப்பான கல்லீரல்-கணையம் உடைந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். அந்தப் பழுப்புக்குப் பின்னால், சில மில்லிமீட்டர் அளவில் வெளிறிய, கோணலான ஒரு சிறு தசை தெரியும். அதுதான் இதயம். ஒரே அறை.

இதயம் சுருங்கும்போது இரத்தம் தமனிகள் வழியாக வெளியேறி, அவை முடியும் இடத்தில் உறுப்புகளுக்கு இடையே உள்ள வெளிகளில் கொட்டிவிடும். அங்கிருந்து செவுள்களுக்குப் போய், இதயத்தைச் சுற்றியுள்ள பைக்கு வந்து, இதயச் சுவரில் இருக்கும் சிறு பிளவுகள் வழியாக உள்ளே நுழையும். இதயம் சுருங்கும்போது அந்தப் பிளவுகள் மூடிக்கொள்ளும். இதற்குத் திறந்த இரத்த ஓட்டம் என்று பெயர். அழுத்தம் மிகக் குறைவு, அதனால் சுவரும் மெலிவு. இறாலில் சிவப்பு இரத்தத்தைத் தேடாதீர்கள். ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோசயனினில் இரும்புக்குப் பதில் செம்பு இருக்கிறது. ஆக்சிஜன் ஏறினால் இளநீலம், இறங்கினால் நிறமே இல்லை.

கணவாய்: மூன்று இதயங்கள்

கணவாயை மல்லாத்தி, சிறு புனல் போன்ற உறுப்பு இருக்கும் பக்கத்தை மேலே வைத்து, உடல் உறையின் நடுவே கத்தரிக்கோலை மேற்பரப்பை ஒட்டியே ஓட்டித் திறந்து விரியுங்கள். வெள்ளிப் பளபளப்புள்ள மைப்பையைத் தொடாதீர்கள். அது உடைந்தால் அன்றைய பாடம் அத்தோடு முடிந்தது; கழுவினாலும் தெளியாது.

இருபுறமும் இறகு போல விரிந்திருப்பவை செவுள்கள். ஒவ்வொரு செவுளின் அடியிலும் ஒரு சிறு வெளிறிய உருண்டை இருக்கும். இவை இரண்டும் செவுள் இதயங்கள். இரண்டுக்கும் நடுவே உடலுக்கு அனுப்பும் மூன்றாவது இதயம் இருக்கிறது. செவுளின் நுண்குழாய்களைக் கடக்கும்போது இரத்தம் அழுத்தத்தை இழக்கும். வேகமாக நீந்தி இரை பிடிக்கும் கணவாய்க்கு அந்த இழப்பு கட்டுப்படியாகாது. அதனால் செவுளுக்குத் தள்ள இரண்டு, உடலுக்குத் தள்ள ஒன்று. ஆட்டு இதயத்துக்கு வரும்போது இதை நினைவில் வையுங்கள்: அங்கே இதே வேலைப் பிரிவினை ஒரே உறுப்புக்குள் நடக்கிறது.

மீன்: ஒரே சுற்று

மீனை மல்லாத்திப் பிடியுங்கள். இரண்டு செவுள் மூடிகளும் தொண்டையில் சந்திக்கும் இடத்துக்கும் மார்புத் துடுப்புகளுக்கும் நடுவில் ஒரு முக்கோண இடம் உண்டு. வயிற்றுப் பக்கம் தேடாதீர்கள். இதயம் அங்கே இல்லை. அந்த முக்கோணத்தில் தோலையும் கீழே உள்ள எலும்பையும் ஆழமில்லாமல் வெட்டித் திறந்தால், தனி அறை போன்ற குழியில் இதயம் இருக்கும்.

கருஞ்சிவப்பாகக் கூம்பு வடிவில் இருப்பது கீழறை. அதன்மேல் தளர்ந்த மெல்லிய பையாக மேலறை. முன்னால் வெள்ளையாக, அமுக்கினால் இழுபடும் குமிழ் ஒன்று இருக்கிறதே, அதைக் கவனியுங்கள். அது துடிப்பதில்லை. கீழறை தள்ளும்போது விரிந்து, பிறகு மெல்லச் சுருங்கி, அடித்து வரும் இரத்தத்தைச் சீரான ஓட்டமாக மாற்றிச் செவுளுக்கு அனுப்புகிறது. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு துடிப்பின் வேகமும் மெல்லிய செவுள் இழைகளில் நேராக மோதும்.

பாதை எளிது: இதயம், செவுள், உடல், மறுபடி இதயம். செவுளைத் தாண்டியதும் அழுத்தம் குறைந்துவிடும், உடல் முழுவதும் அந்தக் குறைந்த அழுத்தத்தில்தான் ஓட வேண்டும்.

தவளைக்கு மூன்று அறைகள்: இரண்டு மேலறை, ஒரு கீழறை. தோல் வழியாகவும் அது ஆக்சிஜன் வாங்குவதால், இரத்தம் ஓரளவு கலப்பது அதற்குப் பெரிய குறை இல்லை. சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் பார்க்கும் முதலைக்கு நான்கு அறைகள் இருந்தும், இதயத்தை விட்டு வெளியேறும் இரண்டு பெருந்தமனிகளுக்கு இடையே ஒரு சிறு துளை உண்டு. நீருக்குள் மூழ்கியிருக்கும்போது நுரையீரலுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்து உடல் பக்கம் திருப்பிவிட முதலையால் முடியும்.

கோழி: குறுக்கே ஒரே வெட்டு

கோழி இதயத்தில் நீளவாக்கில் வெட்ட முயல வேண்டாம். சிறியது, குழப்பம்தான் மிஞ்சும். நடுவில் குறுக்காக ஒரே சீராக வெட்டுங்கள். தடித்த சுவரோடு வட்டமாக ஒரு அறை தெரியும். அதன் ஓரத்தில் பிறை வடிவில், மெல்லிய சுவரோடு இன்னொரு அறை. வட்டம் இடது கீழறை, பிறை வலது கீழறை. பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் பொதுவான அமைப்பு இது. ஒரு வேறுபாடு உண்டு: நம் பெருந்தமனி இடப்பக்கம் வளைந்து இறங்கும், பறவைகளுக்கு வலப்பக்கம்.

ஆடு: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

மனித இதயம் சுமார் 250 முதல் 350 கிராம். ஆட்டு இதயம் அதைவிடக் கொஞ்சம் சிறியது, அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. முழு இதயத்தை எடுத்துக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். குழாய்களுக்குள் கருஞ்சிவப்பாக உறைந்த இரத்தக் கட்டிகள் இருக்கும், விரலால் எடுத்துவிடுங்கள். எடுக்காமல் வெட்டினால் கட்டியையே, இரத்தம் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு என்று நினைக்க நேரிடும்.

முதலில் பக்கம் கண்டுபிடியுங்கள். முன்பக்கத்தில் கொழுப்பு படிந்த ஒரு பள்ளம் சாய்வாக இறங்கும். இரண்டு கீழறைகளுக்கும் நடுவே உள்ள சுவரின் எல்லை அது. பள்ளத்தின் இருபுறமும் அமுக்குங்கள். கெட்டியாக எதிர்ப்பது இடது, அமுங்கிக் குழைவது வலது. கூர்மையான கீழ்முனை முழுக்க இடது கீழறைக்குச் சொந்தம். முன்பக்கம் உங்களைப் பார்த்திருந்தால் இதயத்தின் இடம் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும். பெரும்பாலானோர் தடுமாறும் இடம் இது. கண்ணை நம்பாதீர்கள், அமுக்கிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பிறகு குழாய்கள். வெட்டிய பிறகும் வாய் திறந்தபடி நிற்கும் தடித்த குழாய் பெருந்தமனி. ஆட்டுக்கு அதிலிருந்து மேல்நோக்கி ஒரே கிளை பிரியும், மனிதருக்கு மூன்று. அதற்கு முன்னால் கொஞ்சம் மெல்லிய சுவரோடு இருப்பது நுரையீரல் தமனி. சப்பையாக மடிந்து கிடப்பவை சிரைகள். எது எங்கே போகிறது என்று சந்தேகம் வந்தால் உறிஞ்சியை உள்ளே விட்டு, அதன் முனை எந்த அறையில் தட்டுகிறது என்று வெளியிலிருந்து தொட்டுப் பாருங்கள்.

பெருந்தமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவே ஒரு கெட்டியான நார் இருக்கும். குட்டி தாயின் வயிற்றில் இருந்தபோது அது திறந்த குழாயாக இருந்தது. மூச்சு விடாத நுரையீரலுக்கு அவ்வளவு இரத்தம் தேவையில்லை. அதனால் அந்தக் குழாய் வழியாக நேரே உடலுக்குப் போனது. பிறந்தபின் மூடி நாராகிவிட்டது.

இப்போது கத்தியை எடுக்காமல் தண்ணீர்ச் சோதனை. பெருந்தமனியின் வாயை மேலே பிடித்து, அதன் கிளையை விரலால் அடைத்துக்கொண்டு, குழாய்க்குள் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் கீழறைக்குள் இறங்காமல் நிற்கும். மேலிருந்து விளக்கடித்தால் மூன்று சிறு சட்டைப்பைகள் நிரம்பி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். இதுதான் அரைச்சந்திர வால்வு. அதை மூடத் தசை எதுவும் இல்லை. திரும்பி வரும் இரத்தத்தின் அழுத்தமே அதை மூடுகிறது. ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் இரண்டு ஒலிகளும் வால்வுகள் மூடும்போது வருபவை. முதல் ஒலி மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ளவை, இரண்டாவது ஒலி இவை.

தண்ணீர் மெல்ல மெல்லக் குறைந்தால் கவலை வேண்டாம்; இதயத் தமனிகள் வழியாகக் கசிகிறது. சடாரென்று இறங்கினால் வால்வு கிழிந்திருக்கிறது, அல்லது ஓர் இதழ் உள்ளே மடங்கிவிட்டது. உறிஞ்சியால் இதழை நிமிர்த்திவிட்டு மறுபடி ஊற்றுங்கள்.

இந்தச் சோதனையைப் பார்த்தவருக்கு இதய இயக்க மீட்புச் சிகிச்சை (CPR) எப்படிப் பலன் தருகிறது என்பதும் விளங்கும். நின்றுபோன இதயத்தின் மேல் நெஞ்செலும்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவருக்கு 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தும்போது இரத்தம் முன்னோக்கிப் போகிறது. துடிப்பு நின்றுவிட்டாலும் வால்வுகள் வேலை செய்வதுதான் காரணம். ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலெழ விட வேண்டும் என்று பயிற்சியில் வற்புறுத்துவார்கள். எழாவிட்டால் அறை நிரம்பாது, அடுத்த அழுத்தத்தில் தள்ள எதுவும் இருக்காது.

இனி வெட்டலாம். வலது பக்கம் முதலில். மேற்பெருஞ்சிரைக்குள் கத்தரிக்கோலின் ஒரு முனையை விட்டு, வலது மேலறை வழியாகக் கீழறையின் வெளிச்சுவரில், அந்தக் கொழுப்புப் பள்ளத்திலிருந்து 1 சென்டிமீட்டர் விலகியே கீழே வாருங்கள். பள்ளத்தின்மேல் வெட்டினால் நடுச்சுவர் பிளந்து இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும்.

விரித்தால் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மூவிதழ் வால்வும், அதன் விளிம்பிலிருந்து சுவரில் எழும்பி நிற்கும் முகிழ்த்தசைகளுக்கு ஓடும் வெள்ளை நாண்களும் தெரியும். ஒரு நாணை இழுத்துப் பாருங்கள்; மெல்லியது, ஆனால் எளிதில் அறாது. வால்வு மூடும்போது இதழ்கள் மேலறைப் பக்கம் புரண்டுவிடாமல் பிடிப்பது இவைதான். நாண்கள் வால்வைத் திறப்பதாகப் பலர் எழுதுகிறார்கள், தவறு. வலது கீழறையின் குறுக்கே நடுச்சுவரிலிருந்து வெளிச்சுவருக்குப் போகும் ஒரு தசைப் பாலமும் தெரியும். சுருங்கச் சொல்லும் மின் தூண்டலை அது எதிர்ப்புறம் கடத்துகிறது. மேலறையில், இரண்டு மேலறைகளுக்கும் நடுவே உள்ள சுவரில், ஒரு மெல்லிய குழிவு இருக்கும். பின்னாலிருந்து விளக்கடித்தால் அந்த இடம் மட்டும் ஒளிரும். கருவில் அதுவும் திறந்த வழிதான்.

இடது பக்கத்தை மேலறையிலிருந்து வெளிச்சுவர் வழியாகக் கீழ்முனைவரை வெட்டுங்கள். கை வலிக்கும், அதுவே ஒரு பாடம். மேலறைக்குக் கீழே 2 சென்டிமீட்டர் தள்ளி இரண்டு கீழறைச் சுவர்களையும் அளவுகோலால் அளந்து எழுதுங்கள். இடது, வலதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு இருக்கும். மனிதரில் இடது கீழறை 120 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு அழுத்தம் எழுப்புகிறது. வலது கீழறைக்குச் சுமார் 25 போதும். நுரையீரல் பக்கத்தில் இருக்கிறது, அதன் குழாய்களில் எதிர்ப்பும் குறைவு. அழுத்தம் கூடினால் அங்குள்ள மெல்லிய நுண்குழாய்களிலிருந்து நீர் காற்றுப்பைகளுக்குள் கசியும்.

இடது அறை தடிமன் என்பதால் அதிக இரத்தம் தள்ளுகிறது என்று எழுதும் மாணவர்கள் ஏராளம். இரண்டும் ஒவ்வொரு துடிப்பிலும் ஒரே அளவுதான் தள்ளுகின்றன, வேறுபடுவது அழுத்தம். ஒரு பக்கம் கொஞ்சம் அதிகம் தள்ளிக்கொண்டே போனால் சில நிமிடங்களில் நுரையீரல் இரத்தத்தால் நிரம்பிவிடும், அல்லது வறண்டுவிடும். சந்தையில் வாங்கிய இதயத்தில் இடது அறையின் உள்வெளி மிகச் சிறியதாகத் தோன்றுவதற்குக் காரணம், இறந்தபின் தசை இறுகிக் கிடப்பது.

இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள ஈரிதழ் வால்வின் முன் இதழுக்குப் பின்னால் விரலை மேல்நோக்கி நுழைத்தால் நேரே பெருந்தமனிக்குள் போகும். அந்த வழியே வெட்டித் திறவுங்கள். வால்வு இதழ்களுக்குச் சற்று மேலே இரண்டு சிறு துளைகள் தெரிகின்றனவா? ஒன்றில் பல்குச்சியின் மழுங்கிய முனையை விடுங்கள். முன்பக்கப் பள்ளத்தில் ஓடும் குழாய்க்குள் போகும். இவை இதயத் தமனிகளின் வாய்கள். அறைகள் நிறைய இரத்தம் இருந்தும், இந்தத் தடித்த தசைக்கு உணவும் ஆக்சிஜனும் இந்த இரண்டு துளைகள் வழியாகத்தான் வர வேண்டும். மாரடைப்பு என்பது இந்தக் குழாய்களில் ஒன்றோ அதன் கிளையோ அடைபடுவது. பல்குச்சி எவ்வளவு இறுக்கமாக நுழைந்தது என்று பார்த்தவருக்கு, கொழுப்பு படிய அங்கே எவ்வளவு குறைந்த இடம் இருக்கிறது என்பது தனியே சொல்லாமலே புரியும்.

இரண்டாவது ஆட்டு இதயத்தைக் கோழி இதயத்தைப் போலக் குறுக்காக வெட்டி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே வட்டம், அதே பிறை.

நிறமும் பெயரும்

நீல நிறம் படத்துக்காக மட்டுமே. ஆக்சிஜன் குறைந்த இரத்தமும் சிவப்புதான், கொஞ்சம் கருஞ்சிவப்பு. தமனி, சிரை என்ற பெயர்கள் திசையைச் சொல்கின்றன, ஆக்சிஜனை அல்ல. இதயத்தை விட்டுப் போவது தமனி, வருவது சிரை. அதனால்தான் நுரையீரல் தமனியில் ஆக்சிஜன் குறைவு, நுரையீரல் சிரையில் நிறைவு. தேர்வில் மதிப்பெண் போகும் கேள்வி இது.

கழுவிய கையில் கடைசிச் சோதனை

ஒரு துடிப்புக்கு 70 மில்லிலிட்டர், நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் 4.9 லிட்டர். ஒரு மணி நேரத்துக்கு 294 லிட்டர். உடலில் இருப்பதோ சுமார் 5 லிட்டர். சாப்பாட்டிலிருந்து மணிக்கு 294 லிட்டர் புதிதாக உண்டாக வழியில்லை. அதே இரத்தம்தான் சுற்றி வர வேண்டும். ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628இல் இப்படிக் கணக்குப் போட்டுத்தான், சாப்பாட்டிலிருந்து இரத்தம் ஓயாமல் புதிதாக உண்டாகிறது என்று அதுவரை இருந்த கொள்கையை மறுத்தார். தமனியையும் சிரையையும் இணைக்கும் நுண்குழாய்களை அவர் கண்ணால் கண்டதில்லை. 1661இல் இத்தாலிய மருத்துவர் மால்பீகி நுண்ணோக்கியில் தவளையின் நுரையீரலில் கண்டார்.

ஹார்வி செய்து காட்டிய சோதனையை நீங்களும் செய்யலாம். மேற்கையில் ஒரு துணியை அதிக இறுக்கமில்லாமல் கட்டி, கையைத் தொங்கவிட்டு முஷ்டி பிடியுங்கள். முன்கைச் சிரை புடைக்கும். அதில் ஆங்காங்கே சிறு முடிச்சுகள் தெரியும். அவை வால்வுகள். ஒரு விரலால் சிரையை அமுக்கிப் பிடித்து, இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கை நோக்கி அடுத்த முடிச்சைத் தாண்டும்வரை இரத்தத்தைத் தள்ளுங்கள். இரண்டாவது விரலை எடுத்தாலும் முடிச்சுக்குக் கீழே சிரை வெறுமையாகவே கிடக்கும். மேலே போனது திரும்பி இறங்காது. முதல் விரலை எடுத்தவுடன் கீழிருந்து நிரம்பும்.

துணியை 1 நிமிடத்துக்குள் அவிழ்த்துவிடுங்கள். டயாலிசிஸ் சிகிச்சைக்காகக் கையில் இணைப்பு வைத்திருப்பவர்கள், இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள், மார்பக அறுவையில் அக்குள் நிணநீர் முடிச்சு அகற்றப்பட்டவர்கள் இதைச் செய்யக் கூடாது. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

வெட்டியவற்றை இரண்டு பைகளில் போட்டு இறுக்கிக் கட்டி, அன்றே குப்பையில் சேர்த்துவிடுங்கள். இரவு முழுக்க வீட்டில் வைத்தால் நாற்றம் வரும், எறும்பும் வரும். தட்டு, கத்தி, தொட்டி எல்லாவற்றையும் முதலில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, பிறகு நீர்த்த குளோரின் கரைசலால் துடைத்துக் காயவிடுங்கள்.